காடியோடு கிட்டை 'மோல்டு' பண்ணலாமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நடை போய்ப் பாருங்கள். எங்காவது ஒரு வீட்டு வாசலில் பழைய வீரா ஒன்று நான்கு கட்டைகளின் மேல் ஏறி நிற்கும். முன் பம்பர் கழன்று புல்லில் கிடக்கும். ஒருவர் சட்டையில்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். நான்கு பேர் சுற்றி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். காற்றில் ஒரு வாடை வரும். ஒரு தடவை மோந்தவருக்கு அது மறக்காது. ரெசின் வாடை.

புரோட்டோன் தன் கார்களுக்கு வைத்த பெயர்களில் பாதி நம் காதுக்குப் பழகியவை. 1992இல் ஈஸ்வரா, 1993இல் வீரா, அதற்குப் பிறகு சத்ரியா. அதனால்தானோ என்னவோ, தோட்டத்துப் பிள்ளைகள் அவற்றை வீட்டுப் பிள்ளை மாதிரி அலங்கரித்தார்கள். வீராவும் மிட்சுபிஷி லேன்சரும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. லேன்சர் இவோ 3இன் முகத்தை வீராவுக்கு வைப்பது ஒரு காலத்தில் வெறியாகவே இருந்தது. இப்போது அந்த இடத்தை மைவி பிடித்திருக்கிறது. கார் மாறியதே தவிர, ஆட்கள் கேட்கும் சந்தேகம் மாறவில்லை.

கிட் மாட்டுவதும், கிட்டை மோல்டு பண்ணுவதும் ஒன்றுதானே?

இல்லை. கிட் என்பது லிப், ஸ்கர்ட் போன்ற அலங்காரத் துண்டுகள். மாட்டுவது என்றால் அவற்றை ஸ்க்ரூவும் கிளிப்பும் இரட்டைப்பக்க டேப்பும் கொண்டு பிடிக்க வைப்பது. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். மோல்டு பண்ணுவது என்றால் கிட்டும் கார் பாடியும் சேருகிற கோட்டின் மேல் கண்ணாடி இழைப் பாயையும் ரெசினையும் போட்டு, புட்டி இழுத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து, அந்தக் கோட்டையே காணாமல் ஆக்குவது. விரலை ஓட்டிப் பார்த்தால் இரும்பு எங்கே முடிகிறது, ஃபைபர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியக்கூடாது. அழகு என்றால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிறகு கழற்ற வேண்டுமென்றால் கிரைண்டர்தான் வழி.

ஃபைபரில் கார் செய்வது புதிதல்ல. 1953இல் வந்த முதல் செவர்லே கோர்வெட் 300 கார்களுக்கும் உடம்பு முழுக்க ஃபைபர். 1980களில் பெங்களூரில் சிபானி நிறுவனம் செய்த டால்பின் காருக்கும் அப்படியே. தமிழ்நாட்டுக் கரையில் இன்று கடலுக்குப் போகும் படகுகளில் பெரும்பகுதி ஃபைபர்தான். ஒரே பொருளாக இருக்கும்வரை ஃபைபர் நன்றாக உழைக்கும். நாம் செய்வது இரும்பு உடம்பின் மேல் ஃபைபர் ஒட்டு. சிக்கல் ஒட்டில்தான் இருக்கிறது.

ரெசினைக் கெட்டியாக்க ஹார்டனர் விடுவது, ரப்பர் பாலில் ஆசிட் விடுவது மாதிரிதான் என்கிறார்கள். சரியா?

பாதி சரி. பால் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் விட்டால் உறைந்து கட்டியாகும். ஆசிட் கூடினால் அவசரமாக உறையும், குறைந்தால் கொழகொழவென்று நிற்கும். ரெசினுக்கும் இந்த அளவுக் கணக்கு உண்டு.

வித்தியாசம் இதுதான். பாலில் ஏற்கெனவே இருக்கிற ரப்பர் துகள்கள் ஒன்றுகூடுகின்றன, அவ்வளவே. ரெசினில் புது இணைப்புகள் உண்டாகி, திரவம் திரும்பக் கரையாத கெட்டிப்பொருளாக மாறுகிறது. கந்தகம் போட்டு ரப்பரைப் பதப்படுத்துவதற்குத்தான் இது நெருக்கம். இந்த மாற்றத்தின்போது சூடும் பிறக்கும். ஒரு டப்பா நிறையக் கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது டப்பாவிலிருந்து புகை வரும். பிளாஸ்டிக் டப்பா உருகியும் போகும். பார்த்திருக்கிறேன்.

கெட்டியாகும்போது ரெசின் சுருங்கவும் செய்யும். பாய் இல்லாத தனி பாலியெஸ்டர் ரெசின் கன அளவில் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும். இழைப் பாய் அதைக் கட்டுப்படுத்துகிறதே தவிர முழுக்க நிறுத்துவதில்லை. "பாய் தீர்ந்துபோச்சு, ரெசினையே கொஞ்சம் தடிமனா ஊத்திட்டேன்" என்று யாராவது சொன்னால், அந்த இடம் வெடிக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மோல்டு பண்ணி ஆறே மாதத்தில் மயிர் மாதிரி கோடு விட்டுவிட்டது. ஃபோமன் சரியில்லையா, பொருள் சரியில்லையா?

இரண்டும் நன்றாக இருந்தும் கோடு விடலாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கும் நடந்தது.

என்னிடம் ஓர் ஈஸ்வரா இருந்தது. பக்கவாட்டு ஸ்கர்ட்டை ஒரு வொர்க்ஷாப்பில் கொடுத்துப் பாடியோடு சேர்த்து மோல்டு பண்ணினேன். வெளியே எடுத்த நாளில் தெருவே திரும்பிப் பார்த்தது. எட்டாவது மாதம் கதவுக்குக் கீழே, ஸ்கர்ட் சேர்ந்த இடத்துக்கு நேராக, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்தால் தட்டுப்படாது. மழைக்காலம் முடிந்தபோது நகம் தட்டுப்பட்டது. அப்புறம் கோட்டின் ஓரமாகப் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்பளமாக எழும்பியது. ஒன்றைக் குத்திவிட்டேன், உள்ளேயிருந்து தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர் வழிந்தது. கிரைண்டர் வைத்துத் திறந்தபோது உள்ளே இரும்பு, நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, வெயில். இரும்பும் ஃபைபரும் ஒரே அளவு நீளுவதில்லை. 1.8 மீட்டர் நீள ஸ்கர்ட் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலைக் குளிர்ச்சியிலிருந்து மத்தியான வெயிலில் கை வைக்க முடியாத சூடு வரை 40 டிகிரி ஏறினால், இரும்பு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். பாயும் ரெசினும் சேர்ந்த பலகை அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளப் பார்க்கும். ஒட்டு அதை நீளவிடாது. தினமும் இந்த இழுபறி நடக்கும். மேலே இருக்கும் புட்டிக்கு வளையத் தெரியாது, அதனால் முதலில் விடுவது அதுதான்.

இரண்டாவது, சாலை. கார் பாடி நாம் நினைப்பதுபோல் விறைப்பான பெட்டியல்ல. செம்மண் பாதைக் குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது அது முறுகுகிறது. தோட்டத்து வாசல் மேட்டில் ஏறும்போது இன்னொரு பக்கம் முறுகும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போட்ட பள்ளத்தில் தினம் வேலைக்குப் போய் வரும் காருக்கும், சிரம்பான் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் காருக்கும் இதில் நிறைய வித்தியாசம் உண்டு.

மூன்றாவதுதான் என் காரைத் தின்றது. கதவுக்குக் கீழே இருக்கும் இரும்புக் குழாய்ப்பகுதியின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே வைத்த ஓட்டைகள். மோல்டு பண்ணியவர் அவற்றையும் சேர்த்து மூடிவிட்டார். வெளியிலிருந்து கோடு வழியாகத் தண்ணீர் போனது, உள்ளிருந்தது வெளியேற வழியில்லை.

என்னுடையது மைவி. பம்பரோடு ஃபைபர் லிப்பை மோல்டு பண்ணித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நிற்குமா?

நிற்காது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஏதோ ஒரு மூலையில் பிபி என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலிப்ரோப்பிலீன் என்று பொருள். ஐஸ்கிரீம் டப்பா செய்கிற இனம். மெழுகுபோல வழவழப்பு, பாலியெஸ்டர் ரெசின் அதைப் பிடிப்பதே இல்லை. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினாலும் கொஞ்ச நாள் பிடித்த மாதிரி நடிக்கும், பிறகு தகடாக உரிந்துவரும். தவிர, இடித்தால் வளைந்துகொடுத்து மறுபடி பழைய வடிவத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே பம்பரை அந்தப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அதன் முதுகில் வளையாத ஃபைபரைக் கட்டினால் அந்தக் குணமும் போய்விடும். பின் பம்பரில் பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் மேல் புட்டி படுவது தனித் தலைவலி.

லிப் வேண்டுமென்றால் வளைந்துகொடுக்கும் பியூ (பாலியுரித்தேன்) வகையை வாங்கி, ஸ்க்ரூவில் மாட்டுங்கள். மேட்டில் இடித்தால் ஸ்க்ரூ பிய்யும், பம்பர் தப்பும்.

அப்படியானால் மோல்டு பண்ணவே கூடாதா?

எங்கே என்பதைப் பொறுத்தது. கழற்றி மாட்டும் பகுதிகளை, அதாவது பம்பர், முன் ஃபெண்டர், கதவு ஓரம் இவற்றைப் பாடியோடு சேர்க்கவே கூடாது. நாளைக்கு ஒரு சின்ன இடி பட்டால்கூட பக்கத்துப் பகுதியையும் அறுக்க வேண்டிவரும். பின் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, பாடியிலேயே பற்றவைத்த இரும்பு. அங்கே அகல வளைவு வைத்து மோல்டு பண்ணினால் ஓரளவு நிலைக்கும். கிட்டோடு கிட்டைச் சேர்ப்பதும் பிரச்சினையில்லை: இரண்டு ஃபைபர் துண்டுகளை ஒன்றாக்கி, அந்த முழுத் துண்டைக் காரில் ஸ்க்ரூவில் மாட்டலாம். ஒரே பொருள், ஒரே நீட்சி.

செய்தே தீருவேன் என்பவருக்கு, வேலை இப்படி நடக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கிட்டை மாட்டிப் பார்க்க வேண்டும். மலிவுக் கிட் பெரும்பாலும் நேராக உட்காராது. அதை ஸ்க்ரூ போட்டு இழுத்து உட்கார வைத்தால் அந்த இழுப்பு உள்ளேயே இருக்கும், ஒருநாள் கோடாக வெளியே வரும். அச்சிலிருந்து எடுத்த கிட்டில் மெழுகு ஒட்டியிருக்கும். அதை முதலில் கரைத்துத் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதாக ஆகும். சேரும் இடத்தில் காரின் பெயின்ட்டை இரும்பு பளபளக்கும்வரை எடுக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் ரெசின் போட்டால் அது பெயின்ட்டைத்தான் பிடிக்கும், இரும்பை அல்ல. இரும்போடு ஒட்டப் பாலியெஸ்டரைவிட எப்பாக்ஸி பசையோ, கார் பாடி ஒட்டுவதற்கென்றே வரும் பசையோ மேல். அதற்கு மேலே இழை கலந்த புட்டி, அதற்கும் மேலே மெல்லிய சாதாரணப் புட்டி.

பாய் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்ற கணக்கில் கிடைக்கும். 450 கிராம் பாய் ஓர் அடுக்கு போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். பாயின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். பாய் வெள்ளையாகவே தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. உருளையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். வடிகால் ஓட்டைகளையும் ஜாக் வைக்கும் இடத்தையும் திறந்தே விடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நான் நிற்கவில்லை.

வீட்டு வாசலிலேயே செய்யலாமா? ஹார்டனர் எவ்வளவு விட வேண்டும்?

சாதாரண பாலியெஸ்டர் ரெசினுக்கு எடையில் 1 முதல் 2 விழுக்காடு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் மத்தியானச் சூட்டில் ஒரு விழுக்காடே வேகமாகக் கட்டிவிடும். காலையில் கொஞ்சம் கூட்டலாம். ஒன்றுக்கும் கீழே இறங்கக்கூடாது, முழுதாகக் கெட்டிப்படாது. டப்பாவில் தயாரிப்பாளர் போட்டிருக்கும் அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. பாட்டில் மூடியால் அளப்பது நம் பழக்கம். சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சமையலுக்கு அதைத் திரும்ப எடுக்காதீர்கள்.

வாசல் விஷயத்துக்கு வருவோம். ரெசின் வாடை என்கிறோமே, அது ஸ்டைரின் ஆவி. தீப்பொறி பட்டால் ஸ்டைரினின் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை ஏறக்குறைய 31 டிகிரி. போர்ட்டிக்சன் பக்கம் சாதாரண மத்தியானமே அதைத் தாண்டும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போகும். பழைய லயத்து வீடுகளில் வாசலுக்கும் அடுப்புக்கும் எத்தனை எட்டு என்று உங்களுக்கே தெரியும். உள்ளே அம்மா கேஸ் அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே மகன் ரெசின் கலக்கக்கூடாது. சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் ஸ்டைரினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகமுள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தது. ஒருநாள் மோந்ததற்காகப் பயந்து சாக வேண்டாம். அதுவே பிழைப்பாக உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். துணிக் கைக்குட்டையோ கோவிட் காலத்து முகக்கவசமோ இந்த ஆவியைத் தடுக்காது. இரசாயன ஆவிக்கென்று கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்குத் தூசி வடிகட்டி தனி. அதனால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. அரிப்பு எடுத்தால் சொரியாதீர்கள், இழை இன்னும் உள்ளே போகும். பசை நாடாவை ஒட்டி உரித்துவிட்டுக் கழுவுங்கள்.

எல்லாவற்றையும்விட ஹார்டனர்தான் ஆபத்து. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். பட்டுவிட்டால் அந்த நிமிடமே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுவாமல் சிரம்பான் வரை ஓடக்கூடாது. சில ரெசினுக்குத் தனியாக ஒரு ஊதா நிறத் திரவம், கோபால்ட், சேர்ப்பார்கள். அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

சாலைப் போக்குவரத்துத் துறை (ஜேபிஜே) பிடிக்குமா?

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகன அமைப்பு, பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. வாகனம் மற்றவருக்கு ஆபத்தாக இருக்கக்கூடாது: கூரான ஓரம், தொங்கும் துண்டு, விளக்கையும் சிக்னலையும் எண் பட்டையையும் மறைக்கும் கிட், இவையெல்லாம் நிறுத்தி விசாரிக்க வைக்கும். மோல்டு பண்ணியபின் முழு காருக்கும் வேறு நிறம் அடித்தால், அதை ஜேபிஜேவிடம் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். அகலத்தைக் கூட்டுவது, பாடியை அறுப்பது போன்ற வேலை என்றால் அறுப்பதற்கு முன்பே ஜேபிஜே கிளையில் கேட்டுவிடுங்கள்.

தனியார் காருக்கு நம் நாட்டில் வருடாந்திரப் பரிசோதனை இல்லை என்பதால் வருடக்கணக்கில் எதுவும் நடக்காமல் போகலாம். காரை விற்கும்போதுதான் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையம் நினைவுக்கு வரும். பெயர் மாற்ற பி5 பரிசோதனை, வங்கிக் கடனுக்கு பி7. அங்கே செசி எண்ணைப் பார்ப்பார்கள். அதன் மேல் புட்டி இருந்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும்போது பெண்ணைக் காணோம் என்ற கதைதான்.

வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. பரவாயில்லையா?

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டும்வரை கார் வங்கியுடையது. ஒன்பது வருடக் கடனில் மைவி எடுத்தவர் மூன்றாம் வருடம் அதன் இடுப்பை அறுப்பது, வாடகை வீட்டுச் சுவரை இடிப்பது மாதிரி. ஒப்பந்தத்தைப் படியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றம், இடித்த பிறகு கேட்கும்போது வம்பாகும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். மோல்டு பண்ணியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காந்தமும் 20 காசு நாணயமும் போதும். காந்தம் இரும்பில் ஒட்டும், தடித்த புட்டியிலும் ஃபைபரிலும் வழுக்கும். நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நன்றாக ஒட்டிய இடம் 'டிக் டிக்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே பிரிந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் 'டப்' என்று செத்துவிடும். படகு செய்கிறவர்களும் இப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள். செத்த சத்தம் கதவுக்குக் கீழே கேட்டால் விலை பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வெட்டிப் போட்ட ஃபைபர் துண்டுகளைத் தோட்டத்து ஓரத்தில் எரித்துவிடலாமா?

கூடாது. திறந்தவெளியில் எரிப்பதே 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். அந்தக் கரும்புகை நேரே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். மீந்த ரெசினைச் சாக்கடையில் ஊற்றாமல், கொஞ்சம் ஹார்டனர் விட்டு வெளியில், பரந்த தகரத் தட்டில் மெல்லிதாக ஊற்றிக் கெட்டியாக்கி, ஆறியபிறகு குப்பையில் போடுங்கள். ரெசின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் வீசாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டினால் உள்ளே சூடேறிப் பற்றக்கூடும்.

இன்னொன்று. ஹார்டனர் பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். கடையில் சில்லறையாக வாங்கி, குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரும் வழக்கம் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டுவதற்கு முன் இப்போதே போய் எடுங்கள்.